எட்டு நாள் குறையுது

மார்ச் 3
ஹாஸ்டல், மூணாவது மாடி

என் நம்பர், என் ரூம்காரன் நம்பர், அவன் ஷிஃப்ட்ல வேலை பாக்கற இன்னொருத்தன் நம்பர்னு வரிசையா பிளாக் பண்ணின அக்காவுக்கு,

தபால்காரரை பிளாக் பண்ற பட்டனை இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. அதனால பேனாவைப் பிடிச்சுட்டேன். ஸ்கூல் முடிச்சப்புறம் ரெண்டு வரிக்கு மேல கையால எழுதறது இதான் முதல் தடவை. பேக்ஸ்பேஸ் இல்லாம மனுஷங்க எப்படித்தான் எழுதினாங்களோ!

என் போன் இன்னும் போலீஸ்கிட்ட இருக்கு. மாமா வண்டியில போனதை வீடியோ எடுத்தேனான்னு பாக்கணுமாம். கொடுமையைக் கேளு. நானூத்திப் பன்னெண்டு சப்ஸ்கிரைபருக்காக, சும்மா நிக்கற வண்டியைக்கூட நாலு ஆங்கிள்ல எடுத்துப் போடறவன் நான். வாழ்க்கைல ஒரே ஒரு நாள்தான் கேமராவை ஆன் பண்ணல. அது பிப்ரவரி 19.

விஷயத்துக்கு வரேன். டிராஃபிக் ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. 21ஆம் தேதி விசாரணை. அதுக்கு முன்னாடி, 16ஆம் தேதிக்குள்ள, எழுத்துல விளக்கம் போய்ச் சேரணும். மொத்தம் பதினொரு கேள்வி. ஒன்பதுக்கு எழுதிட்டேன். ரெண்டு கட்டம் மட்டும் காலியா கிடக்கு.

கேள்வி 6: வண்டியை உங்களிடம் கொடுத்தவர் யார்?
கேள்வி 7: மற்றொருவருடைய லைசென்ஸ் உங்கள் பாக்கெட்டில் எப்படி வந்தது?

ரூல் என்னன்னு உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். என்கிட்ட இருக்கற சர்வதேச பர்மிட் செல்லாதுன்னு அவங்க முடிவு பண்ணியாச்சு. அப்போ நான் லைசென்ஸ் இல்லாதவன். லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட ஆயிரம் சிசி வண்டியைக் கொடுத்தா, கொடுத்தவரோட லைசென்ஸும் போயிடும். அதுவும் தன்னோட கார்டையே பாக்கெட்ல போட்டு அனுப்பினா, 'என் பேர்ல நீ ஓட்டு'ன்னு ஆள்மாறாட்டம் பண்ணச் சொன்ன கணக்கு. பிடிச்ச ஆபீசர் மாமா போட்டோவையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "மீசை கொஞ்சம் குறையுது"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அதையும் எழுதிக்கிட்டார்.

மாமா லைசென்ஸ் போனா ஸ்கூல் பஸ் போச்சு. பஸ் போனா வேலை போச்சு. வேலை போனா இங்க தங்கற கார்டு போச்சு. நீ, மாமா, பாப்பா மூணு பேரும் பெட்டி கட்டணும். அது எனக்குத் தெரியும் அக்கா. தெரிஞ்சுதான் கேக்கறேன்.

அன்னிக்குக் காலைல உன் ஜன்னல்லேர்ந்து என்ன விழுந்துச்சுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா போலீஸ் ஸ்டேஷன்ல மாமா என்னைப் பாத்துக் கத்தின கத்தல்ல, அவருக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுது. "என் வீட்டுப் படி ஏறாதே"ன்னார். நீ அவர்கிட்ட என்னதான் சொல்லியிருக்கே?

பதில் போடு. ஒரு வரி போதும்.

கட்டத்தை நிரப்பத் தெரியாத,
டர்ரு


மார்ச் 7

டர்ரு,

இந்த விலாசத்துக்கு இனி எழுதாதே. தபால் பெட்டியைத் திறந்தது நானா இருந்ததால பொழைச்சேன். உங்க மாமாவை விசாரணை முடியற வரைக்கும் பஸ் எடுக்க விடல. பகல் முழுக்க வீட்டுலதான் உக்காந்திருக்கார். நான் குளிக்கப் போனாக்கூட என் போன் மேஜை மேலதான் கிடக்கும். கீழே எழுதியிருக்கற, நான் வேலை பாக்கற ஆல்டரேஷன் கடை விலாசத்துக்கு அனுப்பு. பாப்பாவைத் தூளில மார்போட கட்டிக்கிட்டு தினம் ரெண்டு மணி நேரம் போய் ஜிப் மாத்திக் கொடுத்துட்டு வரேன். கடைக்காரம்மா எதுவும் கேக்க மாட்டாங்க.

ரெண்டு கட்டம்தானே. நான் சொல்றதை எழுது.

6: யாரும் கொடுக்கல, நானே எடுத்தேன்.
7: மேஜை மேல இருந்துச்சு, நானே எடுத்தேன்.

அவ்வளவுதான். மாமா பேர்ல ஒண்ணும் இருக்காது.

நீ தனி ஆள். உனக்கு எங்க போனாலும் ஒரு பொழப்பு இருக்கு. எங்களுக்கு ரெண்டு மாசக் குழந்தை இருக்கு.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன். வேலை நேரத்துல, ஃப்ரோசன் செக்‌ஷன்ல, மைனஸ் இருபதுல, கையுறையைக் கழட்டிட்டுப் படிச்சேன். சூப்பர்வைசர் வந்து "என்ன, காதல் கடிதமா?"ன்னு கேட்டார். "இல்ல சார், நாடு கடத்தல்"னு சொன்னேன்.

நானே எடுத்தேனா?

சரி, நானே ஞாபகப்படுத்தறேன். மணி ஆறு ஐம்பது. ராத்திரி உங்க வீட்டுல தங்கின நான் கீழே குப்பையைப் போட்டுட்டு நிக்கறேன். மாமா ஆறு மணிக்கே கிளம்பிட்டார். நீ ஜன்னலைத் திறந்து, "டேய் டர்ரு! ஏழரைக்கு டிப்போல லைசென்ஸ் செக்கிங்! கார்டு இங்க இருக்கு!"ன்னு கத்தின. அடுத்த செகண்ட் மூணாவது மாடிலேர்ந்து பச்சைக் கலர்ல ஒண்ணு பறந்து வந்து என் கையில விழுந்துச்சு. பாப்பாவோட சாக்ஸ். குதிகால்ல நீ சிவப்பு நூல்ல தச்ச அதே சாக்ஸ். உள்ளே மாமா கார்டும், அவரோட செல்ல பைக் எருமையோட சாவியும்.

நான் மேல பாத்துக் கத்தினேன்: "அக்கா, என் பர்மிட் செல்லாது!" நீ என்ன சொன்ன?

"வாயை மூடிட்டு ஓடு."

இதுல நான் எங்க எடுத்தேன்? பேஸ்பால் மாதிரி கேட்ச் பிடிச்சேன், அவ்வளவுதான்.

நானே எடுத்தேன்னு எழுதினா அதுக்குப் பேர் என்ன தெரியுமா? வண்டித் திருட்டு. கூடவே ஆள்மாறாட்டம். மே மாசம் நான் இங்க தங்கற கார்டு முடியுது. திருட்டுக் கேஸ் இருக்கறவனுக்குப் புதுப்பிக்க மாட்டாங்க. அப்புறம் பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது. தனி ஆளாம்! தனி ஆளுன்னா ஆளே இல்லன்னு அர்த்தமா?

எருமை மாமாவுக்கு உயிர்னு எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை துடைச்சிருக்கேன். ஒரு தடவையாவது கேக்காம சாவியைத் தொட்டிருக்கேனா? அதைக்கூட அவர் யோசிக்கலையா, இல்ல யோசிக்க விடாம நீ ஏதாவது சொன்னியா?

எனக்கு முழுசா தெரியணும். அது வரைக்கும் கட்டம் காலிதான்.

டர்ரு


மார்ச் 12

டர்ரு,

கத்தறதுக்கு உனக்கு உரிமை இருக்கு. கேட்டுக்கறேன். இப்போ நீ கேளு.

முந்தின நாள் அவரோட யூனிஃபார்ம் கோட்ல ஒரு பட்டன் விட்டுப் போச்சு. தைக்கறப்போ ஊசி குத்தும்னு உள் பாக்கெட்ல இருந்த கார்டை எடுத்து நூல் டப்பா மேல வெச்சேன். திருப்பி வெக்க மறந்துட்டேன். அந்தப் பாக்கெட்ல கை வெக்காதேன்னு கல்யாணமான புதுசுலேர்ந்து சொல்லிட்டு இருக்கார். காலைல டப்பாவைத் திறக்கப் போனப்போதான் பாத்தேன். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இது. எட்டே காலுக்கு அவர் வீட்டுக்கு வந்தார். கார்டு இல்லாததால டிப்போலேர்ந்து அனுப்பிட்டாங்க. மெத்தையைத் தூக்கித் தேடறார், பாப்பா டயப்பரைக்கூடப் பிரிச்சுத் தேடறார். எந்த நிமிஷமும் நீ வந்துடுவே, சொல்லிக்கலாம்னு நிக்கறேன். அப்போதான் போன். "உங்க லைசென்ஸோட ஒருத்தனைப் பிடிச்சிருக்கோம், உங்க வண்டியில போனான்." போனை வெச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்து, "நீயா கொடுத்தே?"ன்னார்.

"இல்ல"ன்னேன்.

ஒரே ஒரு 'இல்ல'. அவர் முகத்தைப் பாத்து வந்துடுச்சு. அதுக்கப்புறம் அவராவே எல்லாத்தையும் கோத்துக்கிட்டார். வீடியோவுக்காக எடுத்திருப்பான், ஸ்டைல் காட்டப் போயிருப்பான்னு. நான் எதுவும் சேக்கல. எதையும் மறுக்கவும் இல்ல. உன் நம்பரை ஏன் பிளாக் பண்ணினேன்னு உனக்குக் கோபம் இருக்கும். நீ கூப்பிட்டு, அவர் பக்கத்துல உக்காந்திருக்கறப்போ, "அக்கா, நீதானே"ன்னு ஆரம்பிச்சா நான் என்ன பண்ணுவேன்?

நான் கெட்டவதான். ஆனா இப்போ சொன்னா மூணு வாரமா அவரைப் பொய்யில உக்கார வெச்சிருந்தேன்னு ஆகும். சட்டம் விட்டாலும் அவர் விட மாட்டார்.

இன்னொண்ணு. உங்க மாமாவுக்கு வந்த நோட்டீஸ்ல உன் பர்மிட் ஏன் செல்லாதுன்னு போட்டிருக்கு. "நாட்டுக்கு வெளியே இருந்தது 82 நாள்." அவர் சத்தமா படிச்சார். வெளிய தொண்ணூறு நாளாவது இருந்துட்டு வந்தாத்தான் பர்மிட் செல்லும்னு ஆன்லைன் ஃபோரம்ல ஊருக்கே பாடம் எடுத்தவன் நீதானே? போன வருஷம் நீ சீக்கிரமா திரும்பி வந்தப்போ நான் கேட்டேன், "ஏன்டா இன்னும் லீவு இருக்கே"ன்னு. டிக்கெட் சல்லிசா கிடைச்சுதுன்னே.

டர்ரு, பாப்பா வயித்துல இருந்தப்போ எனக்கு ரத்தம் போய், எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி, உனக்கு போன் பண்ணி அழுதேனே. அது எத்தனாவது நாள்?

அக்கா


மார்ச் 14

அக்கா,

எண்பத்தி ஒண்ணாவது நாள். எண்பத்தி ரெண்டாவது நாள் பிளேன் ஏறினேன்.

இதைப் பெருசா எடுத்துக்காதே, ப்ளீஸ். எட்டு நாள்தானே குறையுது, போகட்டும், வண்டி ஓட்டாம இருந்துக்கலாம்னுதான் வந்தேன். எருமையைத் தொட்டு வணக்கம் வெச்சுட்டு ஒழுங்காத்தான் இருந்தேன். உள்ளூர் லைசென்ஸே எடுத்துடலாம்னு பெரிய வண்டி டெஸ்ட்டுக்கும் மூணு தரம் போனேன். உங்ககிட்ட சொல்லல. விழுந்து கிடக்கற வண்டியைத் தூக்கறது ஓகே. வளைஞ்சு வளைஞ்சு போறது வேற லெவல்ல பண்ணிடுவேன். அந்த ஒல்லிப் பலகைதான் காலி பண்ணுது. ஒரு ஜாண் அகலம். அது மேல விழாம, கால் ஊணாம, பத்து செகண்டுக்குக் குறையாம மெதுவாப் போகணும். நான் ஏழு செகண்ட்ல அந்தப் பக்கம் போய் நிக்கறேன். மூணு தரமும் ஏழு. எக்ஸாமினர் சொன்னார், "உனக்கு ஓட்டத் தெரியுது தம்பி, நிக்கத் தெரியல."

இப்போ நான் ஒண்ணு சொல்லணும். போன லெட்டர்ல உன் மேல எகிறினேனே, அதுல இதை விட்டுட்டேன்.

சாக்ஸ் விழுந்தப்போ மணி ஆறு ஐம்பது. 14ஆம் நம்பர் பஸ் ஏழு பத்துக்கு வரும். பத்து நிமிஷத்துல டிப்போ. செக்கிங் ஏழரைக்கு. பஸ்லயே போயிருக்கலாம் அக்கா. உனக்குத் தெரியாது, நீ பதட்டத்துல இருந்தே. எனக்குத் தெரியும். நான் முந்தின நாள் வந்ததே அந்த பஸ்லதான். இருபது நிமிஷம் நின்னிருந்தா போதும்.

சாவியைக் கையில வெச்சுக்கிட்டு இருபது நிமிஷம் என்னால நிக்க முடியல.

அது மட்டும் இல்ல. டிப்போவுக்கு நேர் தெரு இருக்கு. நான் ரிங் ரோட்ல போனேன். அந்த மேம்பாலத்து வளைவுல எருமை எப்படிச் சாயும்னு ஒரு வருஷமா கனவு. ஒரே ஒரு வளைவு. சாஞ்சுது அக்கா. சத்தியமா சொல்றேன், உயிர் போற சந்தோஷம். வளைவு முடியற இடத்துல போலீஸ்.

நேர் தெருல போயிருந்தா யாரும் பிடிச்சிருக்க மாட்டாங்க. மாமா கார்டு கைக்கு வந்திருக்கும். உனக்கு அந்த 'இல்ல' தேவையே பட்டிருக்காது.

அதனால கட்டத்தை நிரப்பிட்டேன். 6: நானே எடுத்தேன். 7: நானே எடுத்தேன். கீழே கையெழுத்து. ரெஜிஸ்டர் தபால்ல இப்போதான் போட்டுட்டு வந்து இதை எழுதறேன். ரசீதைப் பர்ஸ்ல வெச்சிருக்கேன், அழகா இருக்கு.

மாமா பஸ் எடுக்கட்டும். பாப்பாகிட்ட அவ மாமன் சொந்த ஊர்ல பெரிய ஸ்டார்னு சொல்லு.

டர்ரு


மார்ச் 15

டர்ரு எழுதாதே!!

உன் ரூம்காரனுக்கு அஞ்சு தரம் போன் அடிச்சேன். போகவே மாட்டேங்குது. நான் பிளாக் பண்ணின கோபத்துல அவன் என்னை பிளாக் பண்ணிட்டான் போல. எக்ஸ்பிரஸ் தபால்ல இது போகுது. விளக்கம் இன்னும் அனுப்பலன்னா அனுப்பாதே. எழுதியிருந்தா கிழி.

நேத்து உங்க மாமாவுக்குப் போலீஸ்லேர்ந்து இன்னொரு கவர் வந்துச்சு. உன்கிட்டேர்ந்து எடுத்த பொருள் பட்டியல். நான் அடுப்படில இருந்தேன். அவர் சத்தமா படிச்சுட்டு இருந்தார். ஹெல்மெட் ஒன்று. கையுறை ஒரு ஜோடி. சாவி ஒன்று. லைசென்ஸ் ஒன்று. அடுத்த வரியில நிறுத்திட்டார்.

எட்டிப் பாத்தேன். பாப்பாவோட துணி டிராயரைத் திறந்து தரையில உக்காந்திருக்கார். ஒவ்வொரு சாக்ஸா ஜோடி சேத்து வெக்கறார். நிதானமா. கடைசில ஒத்தை மிஞ்சிச்சு. பச்சை. அதைக் கையில பிடிச்சுட்டுக் குதிகால் நூலைக் கட்டைவிரலால தடவிட்டே இருந்தார். என்னைப் பாக்கல.

"திருடப் போறவன் சாவியைக் குழந்தை சாக்ஸ்ல சுத்தி எடுத்துட்டுப் போவானா?"ன்னார்.

நான் அடுப்பை அணைச்சேன்.

"மாடிலேர்ந்து போடறப்போ சாவி கீறக் கூடாதுன்னு சுத்துவாங்க. உனக்குத்தான் அந்தப் புத்தி வரும். துணிக்காரி."

அதுக்கு மேல என்னால நிக்க முடியல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பட்டன், நூல் டப்பா, ஜன்னல், 'இல்ல', உன் எட்டு நாள், இந்த லெட்டரெல்லாம்கூட. அவர் கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். எழுந்து போய்ப் பார்க்கிங்ல எருமை பக்கத்துல நின்னார். ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு மேல வந்து, பாப்பாவை வாங்கிக்கிட்டு, "அவன் என்ன எழுதப் போறான்?"னு மட்டும் கேட்டார். "தெரியல"ன்னேன். அப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இன்னும் பேசல.

நான்தான் கொடுத்தேன்னு என் கையால எழுதி ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். உண்மையை எழுது. என்ன ஆனாலும் ஆகட்டும்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

தபால் போயாச்சு. நேத்தே போய்ச் சேந்துடுச்சு.

ரெண்டு லெட்டரும் வழியில எதிரெதிரா தாண்டிப் போயிருக்கு. இப்போ அந்த ஆபீஸ் மேஜை மேல நான் எடுத்தேன்னு ஒரு காகிதம், நீ கொடுத்தேன்னு ஒரு காகிதம். ரெண்டுலயும் கையெழுத்து இருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய். பொய் விளக்கம் கொடுத்தா அதுவே தனிக் குற்றமாம், நோட்டீஸ் கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருக்கு. நான் எல்லா ரூலையும் படிக்கறவன். இதை மட்டும் தபால் போட்டப்புறம் படிச்சேன்.

21ஆம் தேதி நான் என்ன சொல்லணும்? எழுதினதையே சொன்னா, உன் காகிதம் பொய்னு ஆகி நீ மாட்டுவே. உண்மையைச் சொன்னா, நான் மாட்டறேன், கூடவே எருமையைக் கொடுத்தது நீன்னு முடிவாகும். நீ லைசென்ஸே இல்லாதவ, உனக்கு என்ன தண்டனைன்னு ஃபோரம் முழுக்கத் தேடிட்டேன் (ரூம்காரன் போன்ல. திட்டிட்டேன் அவனை. அன்பிளாக் பண்ணிட்டான்). யாருக்கும் தெரியல. இந்த மாதிரி கேஸே இதுவரைக்கும் வரலையாம். நம்ம குடும்பம் உலகச் சாதனை.

இந்த லெட்டருக்கு உன் பதில் 21க்குள்ள வராது. போன் பண்ணலாம், ஆனா உன் போன் மேஜை மேல கிடக்கும், எடுக்கறது யாருன்னு தெரியாது. மாமா குரலைக் கேக்க எனக்கு இப்போ தெம்பு இல்ல.

அங்க பாப்போம்.

டர்ரு


மார்ச் 22

அக்கா,

நேத்து உங்களைப் பாத்தேன், ஆனா பேச முடியல. அதனால இதையும் எழுதறேன்.

உங்களை இடது பக்க ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, என்னை வலது பக்கம். என் ரூம்ல ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஓடாத கடிகாரம். கண்ணாடி போட்ட ஒரு மேடம். முன்னாடி ரெண்டு காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சாங்க.

"உங்க குடும்பத்துல குற்றவாளி ஆகறதுக்குப் போட்டியா நடக்குது?"ன்னாங்க.

நான் ரெண்டு கையெழுத்தையும் பாத்தேன்.

"யார் கொடுத்தாங்க?"

"நானே எடுத்தேன் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விசாரணை முடியறதுக்குள்ள நீங்களே மாத்திச் சொன்னா அதுக்குப் பேர் திருத்தம். முடிஞ்சப்புறம்னா பொய்."

பக்கத்து ரூம்லேர்ந்து பாப்பா அழற சத்தம் கேட்டுச்சு. நீ என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல. பயத்துல நீயும் மாத்திட்டா? நான் உண்மையைச் சொல்லி, நீ அந்தப் பக்கம் மறுபடி 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா? அந்தப் பலகை மேல நிக்கற மாதிரியே இருந்துச்சு. வேகமா ஒண்ணைச் சொல்லிட்டு அந்தப் பக்கம் குதிச்சுடணும்னு தோணுது. ஏழு செகண்ட். வாய் தானாவே "நானே"ன்னு ஆரம்பிச்சுது.

அப்போ கதவு திறந்துச்சு. ஒருத்தர் வந்து மேடம்கிட்ட ஒரு சின்னக் கவரைக் கொடுத்துட்டுப் போனார். மேடம் தன் மேஜை டிராயரைத் திறந்து, என்கிட்டேர்ந்து எடுத்த பச்சை சாக்ஸை மேஜை மேல வெச்சாங்க. கவரைக் கவுத்தாங்க. இன்னொரு பச்சை சாக்ஸ். அதுலயும் குதிகால்ல சிவப்பு நூல்.

"இதை யார் கொண்டு வந்தாங்க தெரியுமா?"

நீதான்னு நினைச்சேன்.

"வண்டிச் சொந்தக்காரர். அந்தப் பையன் திருடல, வீட்டு ஜன்னல்லேர்ந்து விழுந்ததைப் பிடிச்சான், அதுக்கு ஆதாரம் இதுன்னு எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க வண்டியைத் திருடினீங்கன்னு முடிஞ்சிருந்தா அவருக்கு லாபம்தான். ஆனாலும் கொண்டு வந்திருக்கார்."

அக்கா, அந்தக் கடிகாரம் ஓடல, அதனால எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. நிச்சயமா பத்து செகண்டுக்கு மேல. அப்புறம் ஒண்ணொண்ணா, மெதுவா, எல்லாத்தையும் சொன்னேன். பஸ் இருந்ததையும் சொன்னேன். மேம்பாலத்தையும் சொன்னேன். மேடம் எழுதறதை நிறுத்திட்டு, "அதை யாரும் கேக்கலையே"ன்னாங்க. "கேக்கல மேடம், ஆனா நடந்துச்சு"ன்னேன்.

வெளிய வந்தப்போ நீங்க லிஃப்ட்ல நிக்கறீங்க. நீ குனிஞ்சு பாப்பா கம்பளியைச் சரி பண்ணிட்டு இருந்தே, என்னைப் பாக்கல. மாமா பாத்தார். தலைகூட அசையல. கதவு மூடிடுச்சு.

முடிவு தபால்ல வருமாம். மே மாசம் வரைக்கும் நாள் எண்ணிட்டு இருக்கேன்.

டர்ரு


ஏப்ரல் 11

டர்ரு,

உனக்கும் இன்னிக்கு வந்திருக்கும். இருந்தாலும் எழுதறேன்.

உங்க மாமா மேல ஒண்ணும் இல்லன்னு முடிஞ்சுது. திங்கள்கிழமைலேர்ந்து பஸ். யூனிஃபார்மை அவரே இஸ்திரி போட்டுக்கிட்டார். உள் பாக்கெட்டை நான் தொடல.

எனக்கு எச்சரிக்கை. ரெண்டு வருஷம் எந்த லைசென்ஸுக்கும் விண்ணப்பிக்கக் கூடாதாம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவளுக்கு! கடைக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், ஜிப் கையிலேர்ந்து நழுவற அளவுக்குச் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. நடுவுல அழுகையா மாறிடுச்சு.

உனக்கும் ரெண்டு வருஷம்னு அவர் சொன்னார். ஆனா திருட்டு இல்ல, ஆள்மாறாட்டம் இல்ல. அப்போ மே மாசம் உன் கார்டைப் புதுப்பிக்கத் தடை இல்ல. அதை மூணு தரம் படிக்கச் சொல்லி உறுதி பண்ணிக்கிட்டேன்.

அவர் என்கிட்ட பேசறார். தேவைக்கு. "தண்ணி", "பாப்பா முழிச்சுட்டா", "பூட்டிக்கோ". முந்தாநேத்து ஒரு முழு வாக்கியம் வந்துச்சு. நீ விசாரணைல பஸ்ஸைப் பத்திச் சொன்னதை அந்த மேடம் அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. "அவன் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்"னார். அவ்வளவுதான். மறுபடி "தண்ணி".

எருமைச் சாவியை எங்க வெக்கறார்னு இப்போ எனக்குத் தெரியாது. தேடவும் மாட்டேன். ஜன்னலுக்குக் கம்பி போட்டுட்டார், பாப்பா தவழ ஆரம்பிச்சுடுவாளாம், அதுக்காகவாம்.

உன்னை அன்பிளாக் பண்ணிட்டேன். போன் திரும்பக் கிடைச்சா பாரு. ஆனா இந்த விஷயத்தைப் போன்ல சொல்ல வேண்டாம், எழுதுன்னு அவரே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன், ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. வண்டியைத் தொடக் கூடாது. ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோ, டாக்ஸி, ஃப்ரெண்டு வண்டி எதுவும் கூடாது. வெளிய வந்தா 14ஆம் நம்பர் பஸ் இருக்கு. அது வர இருபது நிமிஷம் ஆகும். நிக்கச் சொல்லு."

நில்லு டர்ரு.

அக்கா